உங்கள் நரையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை

கேள்வி: எனக்கு 53 வயது. 34 வயதில் முன்நெற்றியில் நாலைந்து நரை தெரிந்தபோது டை அடிக்க ஆரம்பித்தேன். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடித்தேன். இப்போது மூன்று வாரம் தாண்டினாலே வகிடு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. வீட்டிலேயே கறுப்பு டைதான் போட்டுக்கொள்கிறேன். கடைசி மூன்று முறையும் டை அடித்து ஒன்றிரண்டு நாள் கழித்து காதோரமும் பின்கழுத்தும் அரித்தன. போன முறை காலையில் எழுந்தபோது கண் இமைகள் வீங்கியிருந்தன, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மகள் "போதும்மா, விட்டுடு" என்கிறாள். அக்கா "பத்து வயசு கூடித் தெரிவே" என்கிறாள். கணவர் "உன் இஷ்டம்" என்பதோடு சரி. அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது சிறியவர்களோடு வேலை செய்கிறேன். எட்டு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். போன வருடம் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். ஆறாவது வாரம் கண்ணாடி பார்க்கவே பிடிக்காமல் மறுபடி அடித்துவிட்டேன். இத்தனை வருடம் அடித்ததால் புற்றுநோய் வருமோ என்ற பயமும் இருக்கிறது. அமோனியா இல்லாத டை, மூலிகை டை என்று மாற்றினால் போதுமா? இல்லை, மொத்தமாக நிறுத்திவிடவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நரைக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கண் இமை வீங்கியது என்ற ஒரு வரிதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஒரு தோல் மருத்துவராக எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி அதுதான்.

கறுப்பு நிற நிரந்தர டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினைலீன்டயமின் என்ற பொருள் இருக்கும். சுருக்கமாகப் பிபிடி என்போம். 1907இல் யூஜீன் ஷூலர் என்ற பிரெஞ்சு வேதியியலர் செயற்கை முடிச்சாயத்தை விற்கத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அடர் நிறச் சாயங்கள் பெரும்பாலும் இந்த வேதிக் குடும்பத்தைச் சுற்றியே இருக்கின்றன, ஏனென்றால் இந்த அளவுக்கு நின்று பிடிக்கும் கறுப்பை வேறு எதுவும் எளிதில் தருவதில்லை. கலந்து வைத்த டையில் இருக்கும் காரம் முடியின் வெளிச்செதில்களை விரிக்கிறது. பிபிடி உள்ளே போகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு அதை அங்கேயே பெரிய நிறத்துகளாக மாற்றிப் பூட்டிவிடுகிறது. முடிக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைத்தோலிலும் காதோரத்திலும் அதே பிபிடி படுகிறது, சிலருடைய உடல் அதை ஒருநாள் எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது.

"19 வருடமாக ஒன்றும் ஆகவில்லையே, இப்போது மட்டும் எப்படி?" என்று இந்நேரம் நினைத்திருப்பீர்கள். கிளினிக்கில் அநேகமாக எல்லாரும் கேட்பது இதுதான். இந்த ஒவ்வாமை முதல் தடவையிலேயே வர வேண்டும் என்றில்லை. பல வருடம் பழகிய பிறகும் வரும். டை அடித்த உடனே இல்லாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பது, காதோரத்திலும் கழுத்திலும் தொடங்குவது, தோல் மெல்லிசாக இருக்கும் கண் இமையில் வீக்கமாகத் தெரிவது ஆகிய மூன்றும் பிபிடி ஒவ்வாமையின் வழக்கமான அடையாளங்கள். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். அடுத்தடுத்த முறை கூடுமே தவிரக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. முகமே அடையாளம் தெரியாமல் வீங்கி, தலைத்தோல் நீர் கோத்து ஒழுகும் நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரும் முந்தைய முறை "லேசாகத்தான் அரித்தது" என்று சொன்னவர்கள்.

அதனால் இப்போது வைத்திருக்கும் டையை இனி ஒருமுறைகூட அடிக்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு தோல் மருத்துவரிடம் போய் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். முதுகில் சிறு சிறு பட்டைகளாகப் பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அதன்பின் இன்னும் ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஊசியில்லை, வலியில்லை. போகும்போது டை டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். பிபிடி ஒவ்வாமை உறுதியானால் பல் மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் பென்சோகெய்ன் போன்ற சில மரத்துப்போகும் மருந்துகளும் இதே வேதிக் குடும்பத்தோடு ஒத்துப்போகும். இதற்கிடையில் எப்போதாவது முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அமோனியா இல்லாத டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமோனியா மூக்கை எரிக்கும், ஆனால் உங்கள் பிரச்சினை அமோனியா இல்லை. அமோனியாவை எடுத்துவிட்டு வாசனை இல்லாத வேறொரு காரத்தைச் சேர்த்திருப்பார்கள். பிபிடி அப்படியே இருக்கலாம். மூலிகை டை என்ற பெயர்தான் இன்னும் கவலை தருவது. சுத்தமான மருதாணி வெள்ளை முடியில் செம்பட்டையாகத்தான் பிடிக்கும், அதன் இயல்பே அதுதான். மருதாணி என்ற பெயரில் விற்கும் ஒரு பொடி அரைமணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆக்குகிறது என்றால் அதில் இலையைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது, அது பல நேரம் பிபிடியாகவே இருக்கிறது. கைக்கும் தலைக்கும் போடும் "கறுப்பு மருதாணி" பல பேருக்கு இந்த ஒவ்வாமையையே முதன்முதலில் கொண்டுவந்திருக்கிறது. மருதாணிக்கு மேல் அவுரி இலைப்பொடி போட்டால் அடர் நிறம் வரும், அது உண்மையான தாவர வழி. வேலை அதிகம், நேரமும் பிடிக்கும். அதையும்கூடப் பொருள் பட்டியல் முழுதாக அச்சிட்ட டப்பாவாகப் பார்த்து வாங்கி, முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் தலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புற்றுநோய் பயத்தையும் பேசிவிடுகிறேன், அது உங்களைத் தூங்கவிடாது என்று தெரியும். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் 1,17,200 பெண் செவிலியர்களை 36 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. நிரந்தர டை போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே பெரும்பாலான புற்றுநோய்களில் வித்தியாசம் தெரியவில்லை. ஒருவகைத் தோல் புற்றுநோயிலும், மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களின் சில வகைகளிலும் சிறிய கூடுதல் தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த வேறொரு அமெரிக்க ஆய்வில் மார்பகப் புற்றுநோயோடு இதைவிடத் தெளிவான தொடர்பு தெரிந்தது, அதுவும் கறுப்பினப் பெண்களிடம் அதிகமாக. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நாள் முழுக்க டையைக் கையாளும் சிகையலங்காரப் பணியை "அநேகமாக ஆபத்து" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. சொந்தமாகத் தலைக்கு அடித்துக்கொள்வதை எந்தப் பக்கமும் சொல்ல முடியாதது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இத்தனை வருடம் செய்ததற்காக நீங்கள் பயந்து நடுங்கத் தேவையில்லை. உங்கள் வயதுக்கு உரிய மார்பகப் பரிசோதனையை எப்படியும் செய்துகொள்ள வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 முறை ஆகிறது. அந்த எண்ணிக்கை குறைவது நல்லதுதான். அவ்வளவே சொல்வேன்.

சரி, மருத்துவம் முடிந்தது. அந்த டை இனி கிடையாது என்பது மட்டும் முடிவாகிவிட்டது. நரையோடு இருப்பதா, வேறு பாதுகாப்பான வழியில் நிறம் ஏற்றுவதா என்பது இன்னும் அப்படியே திறந்திருக்கிறது. அது முழுக்க முழுக்க உங்களுடையது. உங்கள் மகளோ அக்காவோ நானோ எடுக்கிற முடிவு இல்லை.

அந்த முடிவை எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 34 வயதில் நீங்கள் பார்த்தது நாலைந்து நரை. அதற்கப்புறம் 19 வருடமாக உங்கள் நரையை நீங்கள் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் அட்டைக் கறுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோட்டைத்தான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். போன வருடம் ஆறாவது வாரத்தில் நீங்கள் வெறுத்துப் பார்த்தது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். அந்த நீளத்தில் யாருடைய நரையும் அழகாக இருக்காது. முடி கொட்டி வகிடு அகன்றுவிட்டது போலவும், தலையைக் கவனிக்காமல் விட்டது போலவும் தெரியும். கறுப்பும் வெளுப்பும் அவ்வளவு நெருக்கமாக மோதும்போது கண் வெளுப்பை இன்னும் வெளுப்பாகத்தான் வாங்கிக்கொள்ளும். அந்தக் கோட்டைப் பார்த்து "நரை எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிட்டீர்கள். உங்கள் நரை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் அக்காவுக்கும் தெரியாது.

அது முழு வெள்ளையாக இல்லாமலே இருக்கலாம். நரை பெரும்பாலும் காதோரத்திலும் நெற்றியோரத்திலும் தொடங்கி உச்சிக்குப் போகும், பிடரிப் பக்கம் கடைசியாகத்தான் வரும். நீங்களோ மொத்தத் தலைக்கும் டை அடிக்கிறீர்கள், கறுப்பாகவே முளைக்கும் முடிக்கும் சேர்த்து. என்னிடம் வந்த ஓர் ஆசிரியை, தன் தலை பஞ்சு மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டே நிறுத்தினார். ஐந்தாவது மாதம் பார்த்தால் நெற்றியின் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளிக் கற்றை, உச்சியில் உப்பும் மிளகும் கலந்த நிறம், பின்னால் கிட்டத்தட்ட கறுப்பு. அவர் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல வரவில்லை. அதே மாதிரி நிறுத்திய இன்னொருவர் ஆறு மாதம் பார்த்துவிட்டு, "டாக்டர், பார்த்துவிட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். பேட்ச் டெஸ்ட் செய்து, அவருக்கு ஒத்துக்கொள்ளும் தற்காலிகச் சாயத்தைத் தேடிக் கொடுத்தோம். அவருடைய முடிவும் சரியான முடிவுதான், ஏனென்றால் அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்.

ஆகவே "நிறுத்தவா வேண்டாமா" என்பதை இன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம். நாலு விரல் அகலம் வளரட்டும். அதற்கு ஆறேழு மாதம் ஆகும். அதுவரை பார்ப்பது என்று மட்டும் இப்போது தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறேழு மாதத்தைக் கடப்பதுதான் கஷ்டம். முதல் மூன்று மாதம் மிக மோசம். பலரும் கைவிடுவது அங்கேதான். முடிந்தால் முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். டை ஏறிய நீளம் குறையக் குறைய அந்த மோதலும் குறையும். தோளைத் தாண்டிய 40 சென்டிமீட்டர் முடி முழுக்க மாற மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். கழுத்தளவு முடி என்றால் ஒன்றரை வருடம் போதும். வெட்ட மனம் வரவில்லையா, வெட்ட வேண்டாம். நேர் வகிட்டை விட்டுவிட்டு வளைத்து வகிடு எடுங்கள், அல்லது வகிடே இல்லாமல் பின்னால் வாரிவிடுங்கள். கோடு பாதி மறைந்துவிடும். வகிட்டில் மட்டும் தூவிக்கொள்ளும் நிறப்பொடி கிடைக்கிறது, தண்ணீரில் போய்விடும். அதையும் முதலில் கையில் தடவிப் பார்த்துவிடுங்கள். பார்லரில் கறுப்பை வெளுத்து ஒரே நாளில் வெள்ளி நிறமாக்கித் தருகிறோம் என்பார்கள். ஏற்கெனவே அரித்துப் புண்பட்ட தலைத்தோலில் இப்போதைக்கு அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளுக்கும் பொடியே தோலை எரிக்கும், 19 வருடக் கறுப்பு அவ்வளவு சுலபத்தில் இறங்காது, முடி வைக்கோலாகிவிடும்.

வளர்ந்து வரும் முடி கொஞ்சம் வறண்டு, சொன்ன பேச்சுக் கேட்காமல் நிற்கலாம். வயது ஏற ஏற தலைத்தோலில் எண்ணெய் சுரப்பது குறைவது இதற்கு ஒரு காரணம். குளிக்கும்போது கண்டிஷனர் கட்டாயம் போடுங்கள். வெயில், புகை, சூடான இரும்புக் கருவிகள் ஆகியவற்றால் வெள்ளை முடி மஞ்சளடிக்கும். வாரம் ஒருமுறை ஊதா நிற ஷாம்பு போட்டால் அந்த மஞ்சள் அடங்கும், அடிக்கடி போட்டால் லேசாக ஊதாவாகவே தெரியும். வெயிலில் போகும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள்.

திரும்பக் கறுக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எண்ணெய், மாத்திரை என்று யாராவது இந்த மாதங்களில் உங்களிடம் விற்க வருவார்கள் என்பதால் சொல்கிறேன். முடிக்கு நிறம் தோலுக்குள்ளே, வேரில் ஏறுகிறது. வெளியே வந்த முடி உயிரற்ற இழை, அதில் எதைத் தடவினாலும் உள்ளிருந்து கறுப்பு வராது. 2021இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரின் முடிகளை இழை இழையாகப் பார்த்தபோது, மன அழுத்தம் குறைந்த காலத்தில் சில நரைமுடிகள் மீண்டும் நிறம் ஏறியதைக் கண்டார்கள். அறிவியலுக்கு அது பெரிய செய்தி. ஆனால் அது சில முடிகளில் நடந்தது, பல வருடமாக நரைத்த 53 வயதுத் தலையை அதை நம்பிக் காக்க வைக்க முடியாது. இருபதுகளில் நரைக்கிறவர்களுக்கு பி12, தைராய்டு பரிசோதனை எழுதித் தருவேன். 34இல் தொடங்கிய உங்கள் நரை பெரும்பாலும் பரம்பரையாக வந்ததுதான். டை அடித்ததால் நரை கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

இனி மனிதர்கள். உங்கள் அக்கா சொல்வதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நரையோடு உங்களைப் பார்க்கிற சிலர் வயதைக் கூட்டித்தான் போடுவார்கள். அலுவலகத்தில் நரைத்த ஆணை அனுபவசாலி என்றும், நரைத்த பெண்ணை "பாவம், வயசாகிவிட்டது" என்றும் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் என் கோபத்துக்காக நீங்கள் தலையை நரையாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் வேலையில் இது உண்மையாகவே பாதிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதுவும் ஒரு நியாயமான காரணம். டை அடிப்பதை மேனாமினுக்கித்தனம் என்பவர்களையும், நரையை விடுவதைத் துணிச்சல் என்பவர்களையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். இரண்டு பேரும் உங்கள் தலையை வைத்துத் தங்கள் கருத்தைப் பேசுகிறார்கள். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள், அது நிச்சயம். "டை அலர்ஜியாகிவிட்டது, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அதற்கு மேல் பேச்சும் வளராது. கணவரிடம் மட்டும் "உன் இஷ்டம்" என்பதைத் தாண்டி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலைப் பலர் அக்கறையாக நினைத்துத்தான் சொல்கிறார்கள், கேட்கிறவருக்கோ தனியாக விடப்பட்டது போல இருக்கிறது.

கல்யாணத்துக்கு எட்டு மாதம் என்றீர்கள். இன்றைக்கு நிறுத்தினால் அன்றைக்கு எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை உங்கள் சொந்த முடி இருக்கும். முகத்தைச் சுற்றி நரை, நுனிப்பக்கம் கறுப்பு. முன்னால் தளர வாரி, கறுப்பு நீளத்தைப் பின்னால் கொண்டையில் சுருட்டிவிட்டால் கோடு தெரியாது, இரண்டு நிறமும் வேண்டுமென்றே வைத்தது போல இருக்கும். ஒருவேளை அந்தப் படங்களில் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் தப்பில்லை. ஆனால் அந்த வாரத்தில் புதிதாக எதையும் முயலாதீர்கள். இமை வீங்கிய முகத்தோடு மகள் கல்யாணத்தில் நிற்கக் கூடாது. பேட்ச் டெஸ்டில் தேறிய சாயம் ஒன்றை இரண்டு மாதம் முன்பே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நாலு விரல் அகலம் வளர்ந்த பிறகு ஒருநாள், தலைக்குக் குளித்து முடி காய்ந்ததும், பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தில் நின்று பாருங்கள். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மகளை நாலைந்து படம் எடுக்கச் சொல்லுங்கள், பிடரியை நீங்களாகப் பார்க்க முடியாது. அன்றைக்கு எந்தப் பக்கம் மனம் போகிறதோ எனக்கு எழுதுங்கள். கறுப்புதான் வேண்டும் என்று எழுதுவதாக இருந்தால் பேட்ச் டெஸ்ட் முடிவையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் தோல் எதைத் தாங்கும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.